சிவப்பு மருந்தும் நான் எழுதிய ஓர் ‘இல்லை’யும்

இதை எழுதுவதற்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். புற்றுநோய் மருந்தைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் எழுத டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, பிறகு நர்சிங் உதவியாளராகி, கடைசிப் பதினாறு வருடம் கீமோ கொடுக்கும் அறையில் இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு வைத்த பிரிவு விழாவில்கூட ‘எல்லாருக்கும் நன்றி’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் அந்த அறையில் இப்போது வேலை செய்யும் நர்ஸ் பெண் ஒருத்தி போன் செய்தாள். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்திருக்கிறதாம். சிவப்பு மருந்தை ஒருவருக்கு இதுவரை எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று அதுவே கூட்டி, அளவு தாண்டப் போனால் திரையில் எச்சரிக்கை காட்டி நிறுத்திவிடுமாம். “நீங்கல்லாம் கையால எழுதி எப்படிக்கா சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்க, ஆஸ்பத்திரி மலர்ல போடலாம்” என்றாள். கம்ப்யூட்டர் நல்லதுதான். ஆனால் நாம் போட்டதைத்தான் அது கூட்டும். நாமே ‘இல்லை’ என்று போட்டால் அதுவும் இல்லை என்றுதான் நினைத்துக்கொள்ளும். அப்படி ஓர் ‘இல்லை’யை நான் என் கையால் எழுதியிருக்கிறேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. யாருடைய அட்டையில் அதை எழுதினேனோ அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்கக்கா, பேரை மட்டும் மாத்திடுங்க” என்றாள். எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

நான் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு. மூன்று மொழியும் பேசக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், ஒட்டிக்கொண்டது. ஆயா வேலையில் பெட்பேன் கழுவியது, பிறகு இரவு பகல் ஷிப்டில் ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். கீமோ அறைக்கு என்னை மாற்றியதற்குக் காரணம் என் திறமை இல்லை. டாக்டர் மதுரைப் பக்கம். பொறுப்பு சிஸ்டர் எஸ்தர் நாகர்கோவில் பக்கம். எங்களிடம் வரும் பாதிப் பேர் வீட்டில் பேசுவது கன்னடமோ தெலுங்கோ. நடுவில் ஒரு வாய் தேவைப்பட்டது. அதிகம் பேசாத வாயாகப் பார்த்துப் போட்டார்கள்.

எஸ்தர் சிஸ்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லாரையும் ‘மக்களே’ என்பார். யாராவது ஒரு நோயாளியைப் பற்றி நீட்டி முழக்கினால், “கதை பொறவு சொல்லு மக்களே. நம்பரச் சொல்லு” என்று இடது கையை நீட்டுவார், நம்பரை அந்தக் கையில் வைக்க வேண்டும் என்பதுபோல. எடை எத்தனை, உயரம் எத்தனை, வெள்ளணு எத்தனை, எக்கோ ஸ்கேனில் இதயம் எத்தனை. நான் வாசிப்பேன், அவர் திருப்பிச் சொல்லுவார், இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். ஒரே ஒரு நாள் தவிர இந்த வரிசை மாறியதில்லை.

சிவப்பு மருந்து என்று நாங்கள் சொல்வது பல புற்றுநோய்க்குக் கொடுக்கிற பழைய, நல்ல மருந்து. ஊசிக் குழாயில் பார்த்தால் ரோஸ்மில்க்கில் பால் ஊற்ற மறந்ததுபோல இருக்கும். அதை சிஸ்டர் தன் கையால்தான் ஏற்றுவார். நரம்பில் ஊசி சரியாக நிற்கிறதா என்று முதலில் ரத்தம் இழுத்துப் பார்ப்பார். சலைன் ஓடிக்கொண்டே இருக்க, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கால் மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். ஒரு சொட்டு நரம்புக்கு வெளியே போனாலும் சதை வெந்துபோகும். அதனால் தள்ளும்போது நோயாளியிடம் பேசிக்கொண்டே இருப்பார். “ராத்திரி என்ன கறி வச்ச?” “களிக்குக் கீரையா? எந்தக் கீரை?” என்று. நோயாளி பதில் சொல்வதை நிறுத்தினால் சிஸ்டரின் கட்டை விரலும் நின்றுவிடும். எரிகிறதா என்று கேட்டால் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்பார்கள், கீரையைப் பற்றிப் பேசும்போது பொய் சொல்ல வராது என்பார்.

இந்த மருந்தை ஏன் அளந்து அளந்து கொடுக்கிறோம் என்று நான் சேர்ந்த புதிதில் டாக்டர் ஒரு கையுறைப் பெட்டியின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மருந்து வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்கிறது. முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். ஆனால் முடி திரும்ப முளைக்கும், வாய் ஆறும். இதயத் தசையின் செல் அப்படி இல்லை. இழந்ததை ஈடுகட்டுகிற அளவுக்கு அது புதிதாக உண்டாவதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தி தயாரிக்கும் குட்டி குட்டி அறைகள் இருக்கின்றன. விடாமல் துடிக்கிற இதயத்தில் அவை அதிகம். மருந்து உள்ளே போய் அந்த அறைகளைக் கெடுக்கிறது. செல் உடனே சாகாமல் திணறிக்கொண்டே வேலை பார்த்து ஒருநாள் நின்றுபோகும். ஒன்றிரண்டு போனால் தெரியாது. நிறையப் போனால் இதயம் தளர்ந்து, படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். அது மருந்து கொடுத்த மாதமே வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். அதனால் ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று ஓர் எல்லை உண்டு. வேறு ஊரில், வேறு நோய்க்கு, சின்ன வயதில் வாங்கியிருந்தாலும் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உடம்பு மறப்பதில்லை என்றார் டாக்டர். நான் அந்தப் பெட்டி அட்டையைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தேன்.

அதற்காகவே ஒரு மஞ்சள் அட்டை. எங்கள் ஃபைலோடு இருக்கும். ஒவ்வொரு தடவையும் கொடுத்த அளவு, அதுவரை கொடுத்த மொத்தம். அட்டையின் தலையில் ஒரு கேள்வி: இதற்கு முன் எப்போதாவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதுண்டா, நெஞ்சில் கரண்ட் வைத்ததுண்டா? (கதிர்வீச்சை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்பார்கள்.) அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதுவது என் வேலை.

மஞ்சுளா வந்தது ஆறேழு வருடம் முன்பு. வயது முப்பத்தொன்று. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கன்னடக் கிராமத்தில் பிறந்தவள். சிப்காட் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக் போர்டு பொருத்தும் கம்பெனியில் வேலை. சிப்காட் போகும் பஸ்ஸில் பழகி குமரேசனைக் கட்டிக்கொண்டாள். அவர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருந்தார். மத்திகிரியில் வாடகை வீடு, ஆறு வயதில் ஒரு மகள். மாமியாரும் கூடவே இருந்தார். மஞ்சுவுக்கு இடது மார்பில் கட்டி.

மாமியார் ஒரு ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு மருமகளுக்கு முன்னால் நடந்து வந்தார். மேசையைச் சுற்றி அன்று ஏழெட்டுப் பேர். எல்லார் முன்னாலும் சத்தமாகப் பேசுவது எனக்குக் கஷ்டம், அதனால் கேள்விகளை மளமளவென்று ஒப்பித்துவிடுவேன். அப்படித்தான் அந்தக் கேள்வியையும் கேட்டேன். மஞ்சு வாயைத் திறப்பதற்குள் மாமியார் சொன்னார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. தலவலின்னு ஒரு மாத்திரை போட்டவ கெடையாது இவ. ஊரு வுட்டு ஊரு வந்து கட்டிக்கினா, இரும்பாட்டம் இருந்தா. எங்க வூட்டுக்கு வந்துதான் இப்பிடி ஆச்சின்னு இவங்க அம்மா சொல்லப்போவுது, அதான் எனக்கு பயம்.”

நான் மஞ்சுவைப் பார்த்தேன். அவள் மேசையில் இருந்த பேனா டப்பாவைப் பார்த்தபடி, “இல்ல” என்றாள். நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

எக்கோவில் இதயத்தின் நம்பர் அறுபது, அதாவது ஒரு துடிப்புக்கு உள்ளே இருக்கும் ரத்தத்தில் அறுபது சதவீதத்தை வெளியே தள்ளுகிறது. நல்ல நம்பர். சிஸ்டர் மருந்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊசிக் குழாய் இன்னும் தட்டில்தான் இருந்தது. மஞ்சு அதைப் பார்த்ததும் குபுக்கென்று வாந்தி எடுத்துவிட்டாள். என் புடவை முழுக்க.

“ஊசியப் பாத்ததுக்கே வாந்தியா?” என்றார் மாமியார். “ராத்திரி ஷிப்டு பாத்துட்டுத் தனியா நடந்து வர்றவளாடி நீ? மருந்து உள்ள போறதுக்குள்ள வெளிய வந்துடும்போல இருக்குதே.”

“பயமாக்கும்” என்றார் சிஸ்டர். குழாயின் மேல் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றி நிறம் தெரியாமல் செய்துவிட்டு, கீரைப் பேச்சை ஆரம்பித்தார். நானும் பயம் என்றுதான் நினைத்தேன். புடவையை அலசும்போது, ஒரு தடவைகூட ஏற்றாத மருந்துக்கு எப்படிக் குமட்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் தடவை. பக்கத்து நாற்காலியில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குக் கன்னடம்தான். மஞ்சு தன் கையில் மருந்து ஏறி முடிந்ததும் அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கன்னடத்தில் ஆறுதல் சொன்னாள். நாளைக்கு ஒண்ணுக்குச் சிவப்பாக வரும், ரத்தம் இல்லை, பயப்படாதே என்றாள். ‘எங்கம்மா அதைப் பார்த்துட்டு வார்டே அதிர்ற மாதிரி கத்திட்டாங்க. நான்தான் அவங்களைச் சமாதானப்படுத்தினேன்’ என்றாள்.

மாமியாருக்குக் கன்னடம் தெரியாது. “என்னாடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு? என்னியத் திட்டுறீங்களா?”

“இல்லத்தே, வாய்ப்புண்ணுக்கு என்னா சாப்புடணும்னு சொல்றன்.”

நான் சலைன் பாட்டிலைக் கழற்றிக்கொண்டு நின்றேன். மஞ்சுவின் அம்மா இந்த அறைக்கு வந்ததே இல்லை. எந்த வார்டு அதிர்ந்தது? கேட்க வேண்டிய இடம் அது. மாமியார் பக்கத்தில் இருக்கிறார், நமக்கெதற்கு, ஒருவேளை முதல் தடவை முடிந்து வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறாளோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூச்சக்காரர்களுக்கு இப்படிச் சமாதானம் எடுத்துக் கொடுக்க ஒரு மனம் தயாராக இருக்கும். மூன்று வாரம் சும்மா இருந்தேன்.

மூன்றாம் தடவைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. எங்கள் அறைக்குப் போக ஒரு சாய்வுப் பாதை உண்டு, இருபதடி இருக்கும். மஞ்சு பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். செருப்பு சரியாகத்தான் இருந்தது. எக்கோவில் நம்பர் ஐம்பத்தொன்று.

நான் வாசித்தேன். சிஸ்டர் திருப்பிச் சொல்லவில்லை. பதினாறு வருடத்தில் அது ஒரு தடவைதான்.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். “ஐம்பத்தொன்னுன்னா தனியா பார்த்தா பயப்பட ஒன்னுமில்ல. ஆனா ரெண்டே தடவையில ஒன்பது இறங்கக் கூடாது. வயசும் கம்மி, பிரஷர் சுகர் இல்ல. எங்கயோ எதையோ விட்டுட்டோம்” என்றார்.

விட்டது நான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சுவை எடை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். எடை மெஷின் அறை மூலையில் ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் இருக்கும். பெண்கள் செருப்பு, சால்வையெல்லாம் கழற்றிவிட்டு நிற்பதால் அங்கே கூட வந்தவர்களை விடுவதில்லை. இத்தனை வருடம் அந்தத் திரைக்குள் நின்றும், தனியாகக் கேட்க வேண்டியதைக் கேட்க இதுதான் இடம் என்று எனக்கு உறைக்கவில்லை.

அவள் மெஷின் மேல் ஏறி நின்றாள். நான் கன்னடத்தில் கேட்டேன். உண்டா இல்லையா என்று கேட்கவில்லை. ‘முன்னாடி எந்த ஆஸ்பத்திரியில ஏத்தினாங்க மஞ்சு?’ என்றேன்.

அவள் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முள் கொஞ்சம் ஆடியது. பிறகு, “ஹேளபேடி அக்கா” என்றாள். சொல்லாதீங்க அக்கா.

பதிமூன்று வயதில் கழுத்தில் கட்டி வந்திருக்கிறது. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இதே சிவப்பு மருந்து, பிறகு நெஞ்சில் கரண்ட். குணமாகிவிட்டது. அம்மா அந்த விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். குமரேசனைப் பிடித்தபோது அவரிடமும் சொல்லவில்லை. ஜாதி வேறு, மொழி வேறு என்று கல்யாணத்துக்குப் பிறகு குமரேசன் வீட்டில் இரண்டு வருடம் பேச்சில்லை. மகள் பிறந்த பிறகுதான் மாமியார் வந்து சேர்ந்தார்.

‘டாக்டர் கேட்டா சொல்லலாம்னுதான் வந்தேன். அத்தை முந்திக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?’ என்றாள். அந்தக் கேள்வியை ஏழெட்டுப் பேர் நடுவில் கேட்டது நான். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தக் கேள்வியை நான் எடை மெஷின் பக்கத்தில்தான் கேட்டேன். தனியாக. ‘எங்கே ஏத்தினாங்க’ என்றுதான் ஆரம்பிப்பேன். இல்லாதவர்கள் சிரித்துக்கொண்டு இல்லை என்பார்கள், ஒன்றும் நஷ்டமில்லை. இருந்தவர்கள் இன்னும் மூன்று பேர் அப்படிக் கிடைத்தார்கள்.

சிஸ்டரிடம் போய் நின்றேன்.

“என்ன, நம்பரா?”

“நம்பர் இல்ல சிஸ்டர். கதைதான்.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கையை நீட்டாமல் கதவைச் சாத்தினார். சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். “அழுறதுக்கு ஒரு நாள் லீவு தாறேன், இன்னைக்கு இல்ல” என்றார். “ரெண்டாந்தடவையே ஒனக்குச் சந்தேகம் வந்துட்டா?” ஆமாம் என்றேன். நேரே டாக்டரிடம் கூட்டிப்போய், “இவ சொல்லுவா” என்று என்னைச் சொல்லவைத்தார்.

அன்று மருந்து நின்றது. மாமியாரிடம், இதயம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அது பொய்யில்லை. பிறகு டாக்டர் மஞ்சுவைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

“பழைய அளவு எவ்வளவுன்னு தெரியணும்மா. கம்மியா இருந்தா ஒரு வழி. நிறைய இருந்தா இந்த மருந்தையே தொடக் கூடாது, வேற மருந்துக்குப் போகணும், இதயத்துக்கும் மாத்திரை உடனே ஆரம்பிக்கணும். தெரியாம எதைச் செஞ்சாலும் உங்க இதயத்தை வச்சு நான் சூதாடுறமாதிரி. ஒரு வாரத்துக்கு மேல நிறுத்தி வைக்கவும் முடியாது. கட்டி நமக்காகக் காத்திருக்காது. தெரிஞ்சதும் உங்க கையில இருக்கிற ஃபைல்ல எழுதணும்.”

“ஃபைல் வீட்டுக்குப் போகும் சார். அத்தைக்குப் படிக்க வராது. எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தாளும் படிப்பார்.”

“நாளைக்கு வேற ஊர்ல மூச்சு வாங்கிட்டுப் போய் விழுந்தா, அங்க இருக்கிற டாக்டர் அதைத்தாம்மா படிப்பார். எழுதாம விட்டா நான் டாக்டர் இல்ல.”

“எழுதினா நான் அந்த வீட்டுல இல்ல சார்” என்றாள் மஞ்சு. சத்தமே இல்லாமல்தான் சொன்னாள்.

மஞ்சுவிடம் நம்பர் வாங்கி, அவளுடைய அம்மாவுக்கு நான் போன் செய்தேன். ‘மஞ்சுவுக்குச் சின்ன வயசுல கொடுத்த மருந்துச் சீட்டு இருக்கா அம்மா?’ என்று கன்னடத்தில் கேட்டதும், “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் அறை வாசலில் ஒரு அம்மாள், மடியில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், தான்தான் அந்த ராங் நம்பர் என்றார். ஃபைலைக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாராம். ‘ஒண்ணுமே இல்லையா அம்மா, ஒரு தாள்கூட?’ என்றேன். தாள் இல்லை, நம்பர் இருக்கிறது என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “எரடு, சொன்னெ, ஏளு, ஏளு…” என்று கன்னடத்தில் ஏழு இலக்கம், இரண்டு, சைபர், ஏழு, ஏழு என்று ஆரம்பிக்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு வருடம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் அந்த நம்பரைக் கூப்பிடக் காத்திருந்ததில் பதிந்துபோயிருக்கிறது. மூன்று தடவை சொல்லச் சொன்னேன். மூன்று தடவையும் ஒரே நம்பர். எஸ்தர் சிஸ்டர் இடது கையை நீட்டினார், நான் எழுதிய சீட்டை அதில் வைத்தேன்.

சிஸ்டர் பெங்களூருக்குப் போன் போட்டார். நம்பர் சரிதான், ஆனால் அவ்வளவு பழைய ஃபைல் கிடங்கில்தான் தேட வேண்டும், போனில் சொல்ல மாட்டோம், நோயாளி கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு வீட்டு ஆள் யாராவது நேரில் வந்து எழுதிக் கொடுத்து நின்று வாங்க வேண்டும் என்றார்கள். மஞ்சுவால் அலைய முடியாது. அம்மா போகிறேன் என்றார், ஆனால் கைநாட்டு, எந்த ஜன்னலில் எதைக் கேட்பது என்று தெரியாது.

“அவந்தான் போணும்” என்றார் சிஸ்டர், போனில் மஞ்சுவிடம். “அவனுக்குத் தெரியாம இது நடக்காது. நீயே சொல்லு மக்களே. நாங்க சொன்னா அது ரிப்போர்ட்டு. நீ சொன்னாத்தான் பேச்சு.”

புதன்கிழமை முதல் ஷிப்டு முடிந்து மூன்றரை மணிக்குக் குமரேசன் வந்தார். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஹெல்மெட். மாமியார் வெளியே பெஞ்சில். மஞ்சு எடை மெஷின் திரைக்குப் பின்னால் வைத்துச் சொல்கிறேன் என்றாள். நான் நகரப் பார்த்தேன். “நீ நில்லு மேரி. அட்டையில எழுதினது நீயாக்கும்” என்றார் சிஸ்டர்.

நாற்காலி ஒன்றுதான் இருந்தது. யாரும் உட்காரவில்லை.

“எனக்குப் பதிமூணு வயசுல கழுத்துல கட்டி வந்துச்சு” என்றாள் மஞ்சு. “பெங்களூர்ல மருந்து ஏத்துனாங்க. கரண்ட் வச்சாங்க. உங்கிட்ட சொல்லல.”

அவர் என்னைப் பார்த்தார். “என்னாக்கா சொல்றா இவ?”

நான் தலையை ஆட்டினேன்.

“இதே செவப்பு மருந்தா?”

“ம்.”

ரொம்ப நேரம் ஹெல்மெட்டின் கொக்கியை மாட்டி மாட்டிக் கழற்றினார். “அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தன். ஒரு வாய் குடிச்சிட்டு வாந்தி எடுத்த. என்னியப் புடிக்கலன்னு நெனச்சி ஒரு வாரம் பஸ்ல பின்னாடி சீட்டுல போய் உக்காந்தன்.”

“தெரியும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொல்லியிருந்தா கட்டியிருப்பியா?”

அவர் கொக்கியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “தெரியல” என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, அந்தப் பழைய வைத்தியத்தால்தான் இப்போது இது வந்ததா என்று கேட்டார். நெஞ்சில் வைத்த கரண்ட் ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அலமாரிக் கதவைத் திறந்து அந்த அட்டைப் படத்தைக் காட்டினேன். என் வாழ்க்கையில் ஓர் ஆணிடம் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் என்று நினைக்கிறேன். செல், அதற்குள் குட்டி அறைகள், சின்ன வயதில் கொஞ்சம் கெட்டது, இப்போது நாங்கள் தெரியாமல் மேலும் இரண்டு தடவை கொடுத்தது, எல்லாம் சொன்னேன். ‘இல்லை’ என்று எழுதியது நான்தான் என்றும் சொன்னேன்.

“மெசினு நல்லாத்தான் ஓடுது. பவர் ரூம் போவுது, அதான?”

“இன்னும் போகலைங்க. போகாம பாத்துக்கலாம். அதுக்குத்தான் பழைய ஃபைல் வேணும். ஒரு வாரத்துக்குள்ள. வீட்டு ஆள் நேர்ல போகணும்.”

அவர் மஞ்சுவைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு திரையை விலக்கி வெளியே போனார். பெஞ்சில் இருந்த தன் அம்மா கூப்பிட்டதற்கும் நிற்கவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

“என்னாம்மா, எம் புள்ள மூஞ்சி ஏன் அப்பிடிப் போவுது?” என்று மாமியார் என்னிடம் வந்தார். “டாக்டர் எதுனா மோசமா சொல்லிட்டாரா?”

இதயத்தின் நம்பர் இறங்கியதில் பயந்துவிட்டார் என்றேன்.

“பயந்தா? பொண்டாட்டிய இங்க வுட்டுட்டா ஓடுவான்? வரட்டும் வூட்டுக்கு.”

ஐந்து மணிவரை பார்த்தோம். அவர் வரவில்லை. போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மஞ்சு அழவில்லை. சால்வையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அறையைப் பூட்டும் நேரம் வந்ததும் இரண்டு பேரும் டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். மாமியார் ஒயர் கூடையை ஒரு கையில் மாட்டிக்கொண்டு இன்னொரு கையால் மருமகளின் முழங்கையைப் பிடித்து சாய்வுப் பாதையில் இறக்கினார். “மெதுவா எறங்குடி, பஸ்ஸு எங்கியும் ஓடிடாது” என்று வைதுகொண்டே போனார். நான் சிஸ்டரிடம், தப்புச் செய்துவிட்டோமோ என்றேன். அவர் மஞ்சள் அட்டையில் நான் எழுதியிருந்த ‘இல்லை’யின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, என்னையும் போடச் சொன்னார். பழைய அளவை எழுத வேண்டிய எதிர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் அறையைத் திறக்கப் போனபோது குமரேசன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டேன் என்றார். ராத்திரி வீட்டில் மஞ்சு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதமும் அவளுடைய ஆதார் நகலும் அவர் கையில் பிளாஸ்டிக் கவரில் இருந்தன. பெங்களூரில் எந்த ஜன்னலில் கேட்க வேண்டும் என்று விசாரித்தார். ஃபைல் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஏழே காலுக்குக் கிளம்பிப் போனார்.